பொட்டு வைத்த பானெட்டும் திறக்காத கைகளும்

இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சின் எண்ணெய்க்கு என்ன வேலை என்று கேட்போர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். சென்ற மாதம், தாம்பரம் வட்டார வாசக நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், காரின் பி.சி.வி. வால்வை வீட்டு வாசலிலேயே மாற்றியது பற்றி எழுதப்போவதாகச் சொன்னோம். நல்ல வாசிப்பும் நல்ல மனமும் உடைய மூத்த நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அதற்கெல்லாம் மெக்கானிக் இருக்கிறானே, நமக்கு எதற்கு?" என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். பேச்சு சிறுபத்திரிகைகளுக்குத் திரும்பிவிட்டது.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. சொற்களைப் பிரித்துப் பார்ப்பதே பதினெட்டு ஆண்டுகளாக நம் பிழைப்பு. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்தால், தமிழ் படித்த நடுத்தர வர்க்கத்தின் மூன்று நோய்கள் வரிசையாக வெளியே வந்து விழுகின்றன. 'அதற்கெல்லாம்' என்பதில் அறியாமை. 'இருக்கிறானே' என்பதில் இளக்காரம். 'நமக்கு எதற்கு' என்பதில் சரணாகதி. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

*

முதலில் அறியாமை.

'அதற்கெல்லாம்' என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பொருள் கட்டைவிரல் அளவே இருக்கும். எஞ்சினின் தலையில், மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்று சொல்லும் மூடியின்மேல், ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருக்கும். சில எஞ்சின்களில் மரையிட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டுக்குப் போகும். உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங். முன்னும் பின்னும் நகரும் ஊசி போன்ற ஒரு துண்டு. அவ்வளவுதான்.

இதன் வேலையைத் தெரிந்துகொள்ள எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் எத்தனை இறுக்கமாக இருந்தாலும், சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு கீழே கசிந்து, எண்ணெய் இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நீராவி இருக்கும், அமிலமாக மாறக்கூடிய வாயுக்கள் இருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் இரண்டு கேடுகள் விளையும். ஒன்று, எண்ணெய் கெட்டுச் சேறாகும். மற்றொன்று, உள்ளே அழுத்தம் கூடி, கேஸ்கட்டையும் ஆயில் சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும்.

பழைய எஞ்சின்களில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. ஒரு குழாயைச் சாலையை நோக்கித் தொங்கவிட்டுவிடுவார்கள். வாயு முழுவதும் தெருவுக்குப் போகும். தெருவில் நடப்பவரின் நுரையீரலுக்குப் போகும். பி.சி.வி. வால்வு வந்த பிறகு அந்த வாயு மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் அதிகம். அப்போது ஊசி இழுபட்டு வழி குறுகும். வண்டி பாரம் இழுத்து ஓடும்போது கசியும் வாயு அதிகம், உறிஞ்சல் குறைவு. அப்போது ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அகலமாக்கும். மேனிஃபோல்டுக்குள் தீ பின்வாங்கி வெடித்தால் வால்வு மூடிக்கொண்டு, அந்தத் தீ கிராங்க் அறைக்குள் புகாமல் காக்கும். மின்சாரமும் கணினியும் இல்லாமல், காற்றின் இழுப்பையும் ஸ்பிரிங்கின் தள்ளலையும் மட்டும் கொண்டு மூன்று நிலைகளையும் அறிந்து நடக்கும் ஒரு பொருள் இது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிச்சலில் ஆழ்த்திய புகைமூட்டம் எதனால் உண்டாகிறது என்பதை, கால்டெக் நிறுவனப் பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்தப் புகைமூட்டமாகின்றன என்றார். கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் கணிசமான பங்கு, புகைக்குழாய் வழியாக அல்லாமல், கிராங்க் அறையின் இந்தத் தொங்குகுழாய் வழியாகவே வருகிறது என்பது அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெரிந்தது. 1961ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய கார்களில் பி.சி.வி. ஏற்பாடு இடம்பெற்றது. காற்று மாசைக் குறைப்பதற்கென்று கார்களில் பொருத்தப்பட்ட முதல் சாதனம் இதுதான். நாம் பெருமையாகப் பேசும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், இந்தியப் பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது 1995இல்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெட்ரோல் பங்க்கில் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்குகிறோம். பின்புறப் புகைக்குழாயில் ஒரு கோலைச் செருகி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளந்து தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். முன்புறத்தில் ஹோஸ் வெடித்து, கிராங்க் அறையின் வாயு நேராகக் காற்றில் கலந்துகொண்டிருந்தால், அது அந்தக் கோலுக்குத் தெரியாது. பாரத் ஸ்டேஜ் விதிகளின்படி ஒரு புதிய மாதிரிக்கு ஒப்புதல் தரும்போது, கிராங்க் அறையிலிருந்து எதுவும் வெளிக்காற்றில் கலக்கக் கூடாது. ஆனால் பத்தாண்டு ஓடிய வண்டியில் அந்த இடத்தைப் பார்ப்பவர் யார்? பானெட்டைத் திறப்பவர் மட்டுமே பார்க்க முடியும். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து செல்லும் கார் வரிசையில் எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள் என்று கணக்கெடுத்தால் தலைகுனிய வேண்டியிருக்கும்.

நம் வண்டி பதினோரு ஆண்டு ஓடிய சிறுகார். சேலையூரிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து கேம்ப் ரோடு நெரிசல் வழியே வீட்டுக்குமாக அதன் வாழ்வு கழிகிறது. குறுந்தூர ஓட்டமும் சென்னை வெயிலும் பானெட்டுக்குள் தேங்கும் சூடும் சேர்ந்தால் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். வால்வுக்குள் எண்ணெய் பிசினாக உறையும். ஐடிலிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியது. மாதம் ஒருமுறை எண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று. ஏர் ஃபில்டர் பெட்டியில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. அங்கீகாரம் பெற்ற ஒரு சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் சுத்தம், டேப்பட் கவர் கேஸ்கட், கூலி, வரி என்று எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு பட்டியல் நீட்டினார்கள். பட்டியலில் எல்லாம் இருந்தன, பி.சி.வி. வால்வு மட்டும் இல்லை. அதை மட்டும் விலைக்குத் தாருங்கள் என்றதற்கு, தனியாகத் தருவதற்கில்லை என்றார்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடையொன்றில், அதே பாக எண் அச்சிட்ட வால்வும் அதற்குரிய ரப்பர் வளையமும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருந்த நேரம். நோஸ் பிளையரால் கிளிப்பை நகர்த்தி, ஹோஸை இழுக்காமல் முதலில் திருகிவிட்டுக் கழற்றினோம். பழைய ஹோஸை நேராக இழுத்தால் கிழியும். திருகினால் பிடி விடும். வால்வைப் பிடுங்கிக் காதருகே குலுக்கியபோது உள்ளே எந்த ஓசையும் இல்லை. நல்ல வால்வு கிலுகிலுக்கும். இறுகிப்போன வால்வு ஊமை. ஹோஸை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றினோம். புதிய ரப்பர் வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி, வால்வை நேராக அழுத்திப் பொருத்திக் கிளிப்பைப் போட்டோம். ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மீது ஒரு துண்டுத் தாளை வைத்ததும், தாள் மெல்ல உள்வாங்கிப் படிந்தது. எஞ்சின் சரியாக மூச்சு விடுகிறது என்பதற்கு அதுவே சான்று. தாள் மேலே தள்ளப்பட்டுப் படபடத்தால், வழி அடைத்திருக்கிறது அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அப்போதுதான் பெரிய மருத்துவம் தேவை. எல்லாமாக இருபது நிமிடம் ஆயிற்று. ஐடிலிங் அடங்கியது. எட்டாயிரம் ரூபாய்ப் பட்டியல் வீட்டில் பழைய தாள்களோடு கிடக்கிறது.

'அதற்கெல்லாம்' என்ற சொல்லுக்குள் இத்தனையும் இருக்கின்றன: ஓர் இயற்பியல், ஒரு நகரத்தின் மூச்சுத்திணறல், ஒரு வணிகத் தந்திரம். இவற்றை அறியாதிருப்பது குற்றமன்று. அறியாதிருப்பதை உயர்வு என்று கருதுவதுதான் குற்றம்.

*

இரண்டாவது, 'இருக்கிறானே'.

பேராசிரியர் 'இருக்கிறார்', எழுத்தாளர் 'இருக்கிறார்', வங்கி மேலாளர் 'இருக்கிறார்'. மெக்கானிக் மட்டும் 'இருக்கிறான்'. ஐம்பது வயது கடந்தவரானாலும், மூன்று பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரானாலும் அவருக்கு ஆன் விகுதிதான். இது வாய்தவறி வருவதன்று. கையில் அழுக்குப் படியும் உழைப்பைத் தாழ்வாகவும், கை படாத அறிவை உயர்வாகவும் வைத்த சாதி மனத்தின் இலக்கணம் இது. மேடையில் அந்த மனத்தை எதிர்த்து முழங்கும் நண்பர்களே, காரை ஷெட்டில் விட்டதும் அந்த இலக்கணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், பல ஊர்களின் வேலையைத் தனியாகச் சுமக்கும் கொல்லுலைத் துருத்தி, பிரிவில் வருந்தும் பெண்ணின் நெஞ்சுக்கு உவமையாகிறது. அதைப் பாடியவர் பட்டறையை எட்டத்தில் நின்று பார்த்தவராக இருக்க முடியாது. துருத்தி எப்போது இழுக்கும், எப்போது தள்ளும், ஓய்வே இல்லாத உலை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த உவமைக்குள் இருக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: துருத்திக்குள்ளும் ஒரு வால்வு உண்டு. காற்றை உள்ளே விட்டு, வெளியே போகாமல் மூடிக்கொள்ளும் தோல் மடல். பி.சி.வி. வால்வின் தொலைதூர உறவு அது. அகப்பாடலுக்குள் நுழைய அந்த மடலுக்குத் தடையில்லை. நம் சிற்றிதழுக்குள் நுழைய இந்த வால்வுக்குத் தடை.

இன்னும் நெருங்கி வருவோம். கமலை இறைத்த காலத்துச் சொற்களை நாம் எவ்வளவு கொண்டாடுகிறோம்! சால், தும்பி, வடம், வால்கயிறு என்று பட்டியலிட்டு உருகுகிறோம். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாக்கினார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். இரண்டும் நம் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஓர் உண்மையை மறந்துவிடுகிறோம். கமலை அந்தக் காலத்து எந்திரம். தும்பியின் தோல் கிழிந்தால் சம்சாரி அதைத் தைக்கவோ தைப்பித்துக்கொள்ளவோ தெரிந்தவராக இருந்தார். வடம் எங்கே தேய்கிறது என்பதை அவர் கை அறிந்திருந்தது. அந்த அறிவிலிருந்துதான் அந்தச் சொற்கள் பிறந்தன. செத்துப்போன எந்திரத்தின் சொற்களுக்கு அகராதியும், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் சொற்களுக்கு முகச்சுளிப்பும் என்றால், நாம் நேசிப்பது மொழியையா, அதன் சமாதியையா?

"அவை ஆங்கிலச் சொற்கள் அல்லவா?" என்று ஒரு தரப்பு கேட்கும். வால்வுக்கு ஓரதர் என்றும் அடைப்பிதழ் என்றும் சொற்கள் ஆக்கப்பட்டிருக்கின்றன. ஆக்கியவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் கடையில் போய் ஓரதர் கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். மறுதரப்பு, தமிழில் எந்திரம் பேச முடியாது என்று கைகழுவிவிடும். இரண்டு தரப்பும் ஷெட்டுக்குள் நின்று காது கொடுத்ததில்லை. முடிச்சூர் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் பேசுவதைக் கேட்டால் ஒன்று தெளிவாகும். பெயர்ச்சொற்கள் கடன், வினைச்சொற்கள் முழுவதும் தமிழ். வண்டி 'திணறுது', 'இழுவை இல்ல', 'ஆயில் குடிக்குது', 'புகை தள்ளுது', 'மிஸ்ஸிங் அடிக்குது', 'பிரீதர்ல அடிக்குது', 'ஐடிலிங் நிக்கல'. நோயைக் கண்டறியும் அறிவு முழுவதும் இந்த வினைகளில்தான் இருக்கிறது. குடிப்பதற்கும் கசிவதற்கும் அவர் வேறுபாடு வைத்திருக்கிறார். எண்ணெய் தரையில் சொட்டினால் கசிவு. தரை உலர்ந்திருந்தும் அளவு குறைந்தால் குடி. இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் வினையியலை வகுப்பில் நடத்தும் நாம், உயிரோடிருக்கும் இந்த வினையியலுக்கு ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறோமா?

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது நமக்குத் தெரியும். "ஆளாளுக்கு வீட்டிலேயே பழுது பார்த்தால் அந்த மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" இந்தக் கேள்வியை நாம் அவரிடமே கேட்டோம். "சார், கிளிப்பு மாட்டுறதுல எனக்கு என்ன காசு? எஞ்சின் எறக்குற வேலை வந்தா எங்கிட்டதான வருவீங்க" என்றார். அவர் கவலை நம்மைப் பற்றியதன்று. ஸ்கேனர் கருவியும் கையேடும் உதிரிபாகமும் தமக்குக் கிடைக்காமல் அடைக்கப்படுவதே அவர் கவலை. அவருக்கும் நமக்கும் எதிரே நிற்பது ஒரே கதவு. தவிரவும், ஒருமுறை தன் கையால் ஒரு கிளிப்பைக் கழற்றியவர், பிறகு எவர் கூலியிலும் ஐம்பது ரூபாய்க்கு வாதாடமாட்டார். அந்த வேலையில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பதை அவருடைய விரல் அறிந்திருக்கும். மெக்கானிக்கை 'அவர்' ஆக்கும் வழியும் அதுவே.

*

மூன்றாவது, 'நமக்கு எதற்கு'. இதுவே மூன்றிலும் கொடியது. அறியாமை படித்தால் தீரும். இளக்காரம் வெட்கப்பட்டால் தீரும். சரணாகதி அடைந்தவருக்குத் தாம் சரணடைந்திருப்பதே தெரியாது.

ஒரு வழக்கைச் சொல்கிறோம். 2011இல் ஒரு தனிமனிதர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். கார் நிறுவனங்கள் அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்பதில்லை, பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனிப்பட்ட பட்டறைகளுக்குத் தருவதில்லை என்பது அதன் சாரம். ஆணையம் விசாரணையை விரிவாக்கி, 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். நாட்டில் பெரும்பாலான கார்களை விற்ற நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகம் வெளியே கிடைக்க வேண்டும். கையேடும் கருவியும் தனிப்பட்ட பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும். வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துசெய்யக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றன. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே இந்த உரிமையைப் பெற்றார்கள்.

இவை நடந்துகொண்டிருந்தபோது தமிழ் அறிவுலகம் என்ன செய்தது? கருத்துரிமைக்கு எழுதினோம், மொழியுரிமைக்கு எழுதினோம், எழுத வேண்டியவையே. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை குறித்து எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. 'நமக்கு எதற்கு' என்று இருந்துவிட்டோம்.

தென்சென்னைப் புறநகரில் வாழ்கிறவர்களுக்கு இப்படிச் சொல்ல உரிமையே கிடையாது. தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் கார் செய்தது. 1961 முதல் ஹெரால்டு, 1970களில் கெசல், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000. அந்தப் பத்தாண்டின் முடிவில் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. ஹெரால்டு கார்களில் சில இன்னும் ஓடுகின்றன. செய்த நிறுவனம் இல்லாமல் போன பிறகும் அவை ஓடுவதற்குக் காரணம், அவற்றைத் திறக்க முடிந்தது, திறக்கத் தெரிந்த கைகள் இருந்தன என்பதுதான். இன்னும் தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசி கார் வெளிவந்தது. சேவை தொடரும் என்று நிறுவனம் சொன்னது உண்மை. ஆயினும் அன்று அந்தக் கார்களை வைத்திருந்த நண்பர்கள் முகத்தில் கண்ட கலக்கத்தை நாம் மறக்கவில்லை. தம் வண்டியின் ஒரு மரையைக்கூடத் தொட்டறியாதவர்களுக்கு, நிறுவனம் போனால் வண்டியே போயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவூட்ட வேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, நீர் வடிந்த பின், நின்றிருந்த கார்களைச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்தது. நீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. இந்த ஓர் உண்மை தெரிந்தவர்கள் தப்பினார்கள். ஒரு வரி அறிவின் விலை ஓர் எஞ்சின்.

இதற்கிடையில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. சில புதிய எஞ்சின்களில் இந்த வால்வு தனிப் பொருளாக இல்லை. டேப்பட் கவருக்குள்ளேயே ஒரு மென்படலமாக வார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. படலம் கிழிந்தால் மூடி முழுவதையும் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரமாகிறது. இதில் பொறியியல் காரணங்களும் இருக்கலாம். ஆனால் வாங்குபவர் எவரும் கேள்வி கேட்கமாட்டார் என்ற உறுதியும் அந்த வடிவமைப்பில் ஒரு பாகம். அந்த உறுதியை அவர்களுக்கு வழங்கியவர்கள் நாமே. வண்டியோடு வரும் கையேட்டைப் புரட்டுங்கள். பாட்டு கேட்கும் கருவிக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். எஞ்சினுக்கு வந்தால் 'அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தை அணுகவும்'.

ஆங்கிலத்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காருக்கு ஒரு கையேடு வெளியிட்டார். காரை முழுக்கப் பிரித்து, மீண்டும் பூட்டி, அந்த அனுபவத்திலிருந்து படமும் எழுத்துமாக உருவாக்கும் கையேட்டு வரிசை அதிலிருந்து வளர்ந்தது. வீட்டு வாசலில் வேலை செய்யும் சாதாரண மனிதரே அதன் வாசகர். கிண்டியிலிருந்து ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான மோட்டார் தொழில் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன, நல்ல பணி. ஆனால் அவை தொழிற்பயிற்சிக்கானவை. இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் லட்சக்கணக்கில் கார் செய்த மாநிலத்தில், அந்தக் கார்களை வைத்திருப்பவருக்கென்று ஹேன்ஸ் வரிசை போன்ற ஒன்று தமிழில் இல்லை. நல்ல தமிழ் உரைநடையின் அளவுகோல்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்: படித்தவர் படித்தபடியே செய்து முடிக்கும்படி, ஒரு கிளிப்பைக் கழற்றும் விதத்தை எழுதிக்காட்டுவது. ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நூலை மேற்கோள் காட்டாத இலக்கியக் கூட்டம் குறைவு. 1974இல் வந்த அந்த நூலின் கதைசொல்லி தன் வண்டியைத் தானே பழுது பார்ப்பவன் என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யச் சொல்கிறோம் என்று எவரும் திரிக்க வேண்டாம். பிரேக்கிலும் ஏர்பேக்கிலும் பெட்ரோல் குழாயிலும் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது. சூடான எஞ்சினில் எவரும் கை வைக்கக் கூடாது. "மின்வாகனம் பெருகினால் இந்த வால்வே இருக்காதே" என்பாரும் உண்டு. உண்மைதான், கிராங்க் அறை இல்லாத வண்டிக்கு இது தேவையில்லை. ஆனால் உயரழுத்த மின்சாரமும் மென்பொருள் பூட்டும் கொண்ட அந்த வண்டியில், எதை நாம் திறக்கலாம், எதை நிறுவனம் மட்டும் திறக்கும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகும். சிறு வால்வில் பழகாத கேள்வியைப் பெரிய பேட்டரியிடம் கேட்கப் போகிறோமா? கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுத்தான் எந்திரம் கற்றார். பிரிக்க முடியாத வண்டி அவர் கையில் கிடைத்திருந்தால் ஒரு ஜி.டி. நாயுடு நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று பானெட்டின்மேல் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கிறோம். மாலை சூட்டுகிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. கருவியை வணங்கும் அந்த வழக்கத்தை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அது தொழில் செய்கிறவர் தம் கருவியை வணங்கும் நாள். உழவர் கலப்பையையும் கொத்தனார் கரண்டியையும் வணங்கினால், அவர்கள் அவற்றை அறிந்து வணங்குகிறார்கள். அறியாத ஒன்றுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதன் உள்ளே நடப்பதை வேறு எவரோ சொல்லக் கேட்டுப் பணம் கட்டுகிறவர், உரிமையாளர் அல்லர், பக்தர். அடுத்த ஆயுத பூஜைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருள் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பழுது பார்க்கக்கூட வேண்டாம், முதலில் கண்டுபிடியுங்கள். அதன்பிறகு பொட்டு வைக்கலாம்.